மாற்று வேட்பாளர்

எங்கள் வட்டச் செயலாளருக்கு அப்போது வயது அறுபத்திநான்கு. எனக்கு ஐம்பத்திரண்டு. அவர் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை அண்ணாச்சி என்பேன். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை. கட்சியில் சேர்ந்தால் தானாகப் பிடிபடும். சேர்ந்த புதிதில் நான் தங்கச்சி. இரண்டாவது பிள்ளை பிறந்து உடம்பு கொஞ்சம் போட்டதும் அக்கா ஆனேன். இப்போது இளைஞரணியில் சிலர் அம்மா என்று கும்பிடுகிறார்கள். அந்த இளைஞரணியின் அமைப்பாளருக்கு நாற்பத்தாறு வயது, மூத்த மகள் கல்லூரிக்குப் போகிறாள். அவர் இளைஞர். அவருக்கு ஆறு வயது மூத்த நான் அம்மா. இதைக் கூட்டத்தில் ஒருமுறை சொல்லிச் சிரித்தேன். என்னைத் தவிர யாரும் சிரிக்கவில்லை.

நான் வேலை பார்ப்பது துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு க்ளியரிங் ஆபீசில். வெளிநாட்டுக்குப் போகிற பெட்டிகளுக்குக் காகிதம் தயார் செய்யும் வேலை. பெட்டியின் எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் போதும், சரக்கு யார்டிலேயே வெயிலில் கிடக்கும், கப்பல் அதுபாட்டுக்குப் போய்விடும். இருபத்தாறு வருடமாக எண்களையே பார்த்துப் பார்த்து, எந்தக் காகிதத்தை எடுத்தாலும் என் கண் முதலில் எண்ணுக்குத்தான் போகும். வாசலைப் பார்த்த மேசையில் உட்கார்ந்திருந்தேன். புதிதாக வந்த மேனேஜர் என்னைப் பின்னறைக்கு, பிரிண்டருக்குப் பக்கத்தில் மாற்றினார். முன் மேசைக்குக் கல்லூரி முடித்துவிட்டு வந்த ஒரு பெண். "கஸ்டமர் வார இடம்லா மேடம், கொஞ்சம் ஃப்ரெஷ்ஷா இருக்கட்டும்" என்றார். ஃப்ரெஷ் என்ற சொல்லை அதுவரை நான் சீலா மீனுக்குத்தான் கேட்டிருந்தேன். அவருக்கே ஐம்பத்தைந்து இருக்கும். அவருடைய மேசையை யாரும் நகர்த்தவில்லை.

இந்த ஆபீஸ் கண்தான் என்னைக் கட்சியில் நிற்க வைத்தது. வாக்காளர் பட்டியல் என்றால் எங்கள் வட்டத்தில் நான்தான். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யார் செத்தும் பட்டியலில் உயிரோடு இருக்கிறார், யார் கப்பலுக்குப் போயிருக்கிறார், எந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்தது, எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு தேர்தலுக்கும் பூத் சிலிப் எழுதுவது நான். ஆண்கள் மைக் பிடிப்பார்கள், மாலை வாங்குவார்கள். பட்டியல் பார்ப்பது, சிலிப் எழுதுவது, வந்தவர்களுக்கு டீ சொல்வது எல்லாம் மகளிரணி வேலை. மகளிரணியில் வருகிற ஆள் பெரும்பாலும் நான் ஒருத்திதான்.

எனக்கு ஓர் ஆசை இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. எங்கள் வட்டம் கடலைப் பார்த்த பகுதி. ஒரு பக்கம் கடலுக்குப் போகிறவர்கள், கப்பலுக்குப் போகிறவர்கள். இன்னொரு பக்கம் உப்பளத்துக்குப் போகிற பெண்கள். பெரிய தெருவில் இருக்கிற மாடி வீடுகளுக்குக் குழாய் வீட்டுக்குள்ளேயே போகிறது. கடலோரச் சந்துகளுக்கு வந்ததும் குழாய் சந்து முனையில் நின்றுவிடும். அதற்கு மேல் குடம்தான், இடுப்புதான். உப்பளத்தில் நாள் முழுக்கக் கால் வெந்து வருகிற பெண், அந்த முனையில் வந்து நிற்பாள். குழாயை உள்ளே கொண்டுவரச் சொல்லி நான் எழுதிய மனுக்களை அடுக்கினால் ஒரு குடம் உயரம் வரும். எழுதியது நான், கையெழுத்து அண்ணாச்சி. கவுன்சிலராக ஒருமுறை உள்ளே போனால் இந்தக் குழாயைக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன். அதைவிட, என் கையெழுத்தை நானே போடலாம் என்றும் நினைத்தேன்.

அந்தத் தேர்தலில் எங்கள் வட்டத்தைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். செய்தி வந்த அன்று மாதா கோயில் வாசலில் இரண்டு பேர் என் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னார்கள். மீன் வாங்கப் போனால் மீன்காரப் பெண் ஒரு துண்டு கூடப் போட்டாள். "இனி ஒங்கள பிடிக்க முடியாதுக்கா" என்றாள். நானும் சும்மா இருக்கவில்லை. அலமாரியில் இருந்த நல்ல கைத்தறிச் சேலை இரண்டை எடுத்து வெயிலில் போட்டேன். என் கணவர் கப்பலில் இருந்து முழங்கால் வலியோடு திரும்பி வீட்டோடு இருப்பவர். கொடியில் தொங்கிய சேலையைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒங்க ஆளுவ சொல்லலைலா?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அவர் கேட்டதில் தப்பில்லை என்பது நாலு நாளில் தெரிந்தது.

கூட்டம் அண்ணாச்சியின் ஹார்டுவேர் கடை மாடியில் நடந்தது. பதினேழு ஆண்கள், நான். பெண்ணுக்கு ஒதுக்கிய இடத்துக்கு எந்தப் பெண் என்று முடிவு செய்ய அத்தனை ஆண்கள். முதலில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். அப்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கட்சியில் ஒருவரைப் புகழ ஆரம்பித்தால், ஒன்று அவர் செத்திருக்க வேண்டும், இல்லை அவருக்கு எதுவும் தரப்போவதில்லை.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். தலையில் மிச்சமிருந்த முடிக்கு அன்றுதான் மை போட்டிருந்தார். காதோரத்தில் ஒரு சொட்டுக் கருப்பு வழிந்து காய்ந்திருந்தது. "அக்கா நமக்கெல்லாம் அம்மா மாதிரி. அதுல யாருக்கும் மாத்துக் கருத்து கெடையாது. ஆனா இப்பம் காலம் மாறிட்டு. மேலிடத்துல இளம் முகமாப் பாக்காவ. போஸ்டர்ல பாத்தா சனங்களுக்கு ஒரு இது வரணும்லா" என்றார்.

அந்த 'இது' என்ன என்று யாரும் விளக்கவில்லை. இளம் முகம் யார் என்றால், அண்ணாச்சியின் மருமகள். வயது இருபத்தைந்து. நாசரேத்தில் ஒரு வாத்தியார் வீட்டுப் பெண், கணக்கில் மேற்படிப்புப் படித்தவள். கல்யாணமாகி இங்கே வந்து இரண்டு வருடம். வட்டத்தில் எந்தச் சந்து எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரியாது. கட்சிக் கூட்டம் ஒன்றுக்கும் வந்ததில்லை. அன்றைய கூட்டத்துக்கும் அவள் வரவில்லை. அவளுக்குச் சொன்னார்களா என்பதுகூட எனக்குச் சந்தேகம்.

நான் கை தூக்கினேன். என் இடத்தைக் கேட்க அல்ல. அதற்கு எனக்கு வாய் வரவில்லை, இன்றுவரை அது எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறொன்றைச் சொல்லத்தான் கை தூக்கினேன். அந்தப் பெண்ணின் பெயர் எங்கள் வாக்காளர் பட்டியலில் இல்லை. எங்கள் வட்டத்தில் மட்டுமல்ல, மாநகராட்சியில் எந்த வட்டத்திலும் இல்லை. கல்யாணமான வாரமே, பெயரை இங்கே மாற்றுகிற படிவத்தை நானே கடைக்குக் கொண்டுபோய் அண்ணாச்சி கையில் கொடுத்திருந்தேன். "பிள்ள பேரு எங்க ஓடிப் போவுது, பொறவு பாப்பம்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். புதிய பட்டியல் வந்தபோது பார்த்தேன். பெயர் வரவில்லை. நாசரேத்துப் பக்கத்துப் பட்டியலில்தான் இருந்தது. மாநகராட்சிப் பட்டியலில் பெயர் இல்லாதவர் இங்கே நிற்க முடியாது.

"அண்ணாச்சி, மருமக பேரு பட்டியல்ல" என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் வக்கீல் தம்பி பாத்துக்கிடுவான் அக்கா. நீங்க கீழ எட்டிப் பாத்து ஒரு பதினெட்டு டீ சொல்லுங்க."

நான் எழுந்து போய்ப் பதினெட்டு டீ சொன்னேன். மாடிப்படியில் இறங்கும்போதே பின்னால் கைதட்டும் சத்தம் கேட்டது. வேட்பாளர் முடிவாகிவிட்டது. அந்தப் படியில் நின்று ஒரு முடிவு எடுத்தேன். படிவம் கொடுத்தபோது ஒன்று, இப்போது ஒன்று, இரண்டு தடவை சொல்லிவிட்டேன், மூன்றாவது தடவை சொல்லமாட்டேன். நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை, சுத்தமான வன்மம்தான். டீ சூடாக வந்தது, எல்லோருக்கும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

இந்த மனிதர்களின் மனதில் ஒரு சட்டம் இருக்கிறது. பெண் கல்யாணமாகி வந்தால் பீரோ, கட்டில், பாத்திரம் வருகிற லாரியிலேயே அவளுடைய ஓட்டும் ஏறி வந்துவிடும் என்று நம்புகிறார்கள். அவள் இங்கே வந்துவிட்டாள், ஆகவே அவளைச் சேர்ந்த எல்லாமும் இங்கே வந்துவிட்டது. தனியாக ஒரு பதிவு அவள் பேரில் எங்காவது இருக்கும் என்பது அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. கட்சி வக்கீலுக்கும் தோன்றவில்லை, அவர் அவ்வளவு படித்தும்.

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சியே என் வீட்டுக்கு வந்தார். மாற்று வேட்பாளராக ஒரு மனு போட வேண்டும். கட்சியின் வேட்பாளர் மனு ஏதாவது காரணத்தால் தள்ளுபடியானால் இருக்கட்டும் என்று கூடவே இன்னொருவரைப் போட வைப்பது வழக்கம். டம்மி என்பார்கள். முதல் மனு ஏற்கப்பட்டதும் டம்மி வாபஸ் வாங்கிவிட வேண்டும். சின்ன வயதில் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாத பிள்ளையை அழாமல் இருக்க ஒப்புக்குச் சப்பாணி என்று நிறுத்தி வைப்பார்களே, அந்த இடம்.

"வேற யாரப் போட்டாலும் வாபஸ் வாங்கையில மொரண்டு பிடிப்பாளுவ. நீங்கன்னா எந்தக் கொழப்பமும் இல்ல அக்கா" என்றார். அது பாராட்டு என்றே நினைத்துச் சொன்னார். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி என்றேன். என் மனுவை நானே எழுதினேன். பாக எண், வரிசை எண், முன்மொழிபவரின் எண், ஒவ்வொன்றையும் பெட்டி எண் பார்ப்பது போல மூன்று தடவை பார்த்தேன். மருமகளின் மனுவை வக்கீல் எழுதினார். அவளுடைய வாக்காளர் அட்டையை அவள் கணவன் போனில் படம் எடுத்து அனுப்ப, வக்கீல் அதை வைத்துத் தேடி, வந்த எண்களை அப்படியே எழுதிக்கொண்டார். அது எந்த ஊர்ப் பட்டியலின் எண் என்று பார்க்கவில்லை. மனுத்தாக்கல் அன்று பட்டாசு, மேளம், ஆளுயர மாலை. அந்தப் பெண் பட்டுச்சேலையில் வேர்த்துப்போய் நடுவில் நின்றாள். நான் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பையில் என் மனுவோடு நின்றேன். அவள் ஒருமுறை திரும்பி, சிரித்த முகம் மாறாமல் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நன்றாகச் சிரிக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பொம்மை என்றும் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

மனுப் பரிசீலனை அன்று அலுவலகத்தில் மின்விசிறி ஓடவில்லை. அதிகாரி ஓர் இளைஞர், நிஜமான இளைஞர். எங்கள் வட்டத்துப் பட்டியலைப் புரட்டி, மருமகளின் மனுவில் எழுதியிருந்த எண்ணில் விரலை வைத்தார். அங்கே பெரிய மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு வயதான ஆணின் படம் இருந்தது. அதிகாரி படத்தைப் பார்த்தார், பட்டுச்சேலையைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். பிறகு மாநகராட்சிப் பட்டியல் முழுக்கத் தேடச் சொன்னார். பெயர் எங்கும் இல்லை. வக்கீல் ஏதோ சட்டப் பிரிவு சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவங்க பேரு இங்க இல்ல சார். மனு நிராகரிக்கப்படுது" என்றார்.

வெளியே வராந்தாவில் வந்து எல்லோரும் நின்றோம். அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது. மேலிடத்துக்கு என்ன சொல்வது என்று கைகளைப் பிசைந்தார். "வட்டத்துல நமக்கு ஆளே இல்லாமப் போச்சே. எதிர்க்கட்சிக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துட்டோமே" என்றார். நான் அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். என் மனு உள்ளே ஏற்கப்பட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பதினேழு பேரும் தரையைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், போனைப் பார்த்தார்கள். வக்கீல்தான் கடைசியில் மெதுவாக, "அக்கா மனு நிக்கே அண்ணாச்சி" என்றார்.

அப்போது எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். வீட்டில் தொலைந்ததைத் தேடும்போது மேசைக்கு அடியில் இருந்து வேறேதோ ஒன்று அகப்பட்டால் ஒரு பார்வை பார்ப்போமே, அப்படி. என் உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருடம் எழுதிய சிலிப்பும் மனுவும் டீயும் அந்த ஒரு வாக்கியத்தில் ஆளே இல்லை என்று முடிந்துவிட்டது. அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் முயன்றதும் இல்லை.

அடுத்த நாளிலிருந்து என்னை இளமையாக்கும் வேலை தொடங்கியது. கூந்தலுக்கு மை போடுங்கள் என்றார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுங்கள் என்றார்கள். கண்ணாடியைக் கழற்றினால் எதிரே வருவது வாக்காளரா மாடா என்று எனக்குத் தெரியாது என்றேன். போஸ்டருக்குப் படம் கேட்டார்கள். இப்போது எடுத்த படத்தைக் கொடுத்தேன். அவர்கள் எங்கேயோ தேடி, பழைய கட்சி மாநாட்டில் நான் கைக்குழந்தையோடு நின்ற படத்தைப் பிடித்து, குழந்தையை வெட்டிவிட்டு, முகத்தை வெள்ளையாக்கி அச்சடித்துவிட்டார்கள். சுவரெல்லாம் முப்பது வயதில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். உப்பளத்துப் பெண் ஒருத்தி சுவரையும் என்னையும் பார்த்துவிட்டு, "ஒங்க மவளா நிக்கா?" என்று கேட்டாள். இல்லை, நான்தான் என்றேன். அவள் பாவம், குடத்தை இடுப்பு மாற்றினாள். அதே சுவரில், அதே போஸ்டரின் ஓரத்தில், வழுக்கையும் தொந்தியுமாக அண்ணாச்சியின் படம். அதை யாரும் வெள்ளையாக்கவில்லை. ஆண்களுக்கு வழுக்கை விழுந்தால் அனுபவம் என்று பெயர்.

மருமகளையும் என்னோடு வீடு வீடாக அனுப்பினார்கள், முகத்துக்கு. ஆரத்தித் தட்டு அவள் பக்கம்தான் போகும். அவள் நடந்துவந்தாள், யாரிடமும் அதிகம் பேசவில்லை. நானும் அவளோடு பேசவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே எனக்கு அந்த மாடிப்படி நினைவுக்கு வரும். ஒருநாள் மதியம் கடலோரச் சந்தில் நிற்கும்போது, இந்தச் சந்தில் எத்தனை வீடு, எத்தனை குடம், முனையிலிருந்து எத்தனை அடி என்று கேட்டாள். சொன்னேன். போனில் குறித்துக்கொண்டாள். பொழுதுபோகாமல் கேட்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

ஜெயித்தேன். எனக்கு ஓட்டுப் போட்டது சுவரில் இருந்த முப்பது வயதுக்காரியைப் பார்த்து அல்ல. சந்துகளில் இருப்பவர்களுக்கு என்னைத் தெரியும். எத்தனையோ வருடமாக அவர்கள் வீட்டுப் பெயரை எழுதிக் கொடுத்தவள் நான். பதவியேற்புக்கு அண்ணாச்சி எனக்கு முன்னால் நடந்தார். மாலைகளை அவர் வாங்கி என்னிடம் தந்தார், நான் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டு வாசலில் அவர்களே ஒரு பலகை மாட்டினார்கள். பெரிய எழுத்தில் என் பெயர், கீழே தொடர்புக்கு என்று அவருடைய போன் எண். எண் என்றால் என் கண்ணுக்குத் தப்பாதே. அன்றே ஸ்டூல் போட்டு ஏறி, பெயிண்டால் அதை அழித்து என் எண்ணை எழுதினேன். கொஞ்சம் கோணலாக வந்தது. கோணலாகவே இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள் காலை, ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் தனியாக வந்தாள். சாதாரணப் பருத்திச் சேலை, கையில் ஒரு பழைய கவர். "கடைக்கு வெள்ளையடிக்காவ அத்த. டிராயர ஒதுக்கையில இது கெடச்சுது" என்று ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

நான் அண்ணாச்சி கையில் கொடுத்த அதே படிவம். ஓரம் பழுப்பேறியிருந்தது. ஆனால் அது நான் கொடுத்தபடி வெறுமையாக இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் அழகான உருண்டை எழுத்து. புகைப்படம் ஒட்டியிருந்தது. கீழே அவளுடைய கையெழுத்து. தேதியைப் பார்த்தேன். நான் கொடுத்ததற்கு மறுநாள்.

"அன்னைக்கே எழுதி மாமாட்டக் கொடுத்தேன் அத்த. கொடுத்திருப்பாவன்னு நெனச்சேன். நிக்கச் சொன்ன பொறவு பட்டியல நானே பாத்தேன். பேரு இல்ல. மாமாட்டச் சொன்னேன், 'வக்கீல் இருக்கான்'னாவ. எங்க வீட்டுக்காரங்ககிட்டச் சொன்னேன், 'ஒனக்கு என்ன தெரியும்'னாவ. மனு கொடுக்கப் போவையில கார்ல வச்சும் சொன்னேன். பேசாம சிரிச்சிக்கிட்டு வான்னுட்டாவ."

அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். பிறகு கேட்டேன், "ஒனக்கு நிக்கணும்னு ஆசை இருந்துச்சா?"

அவள் கவரின் விளிம்பை மடித்தாள். "இருந்துச்சு அத்த. மொதல்ல பயந்தேன். பொறவு ஆசையா இருந்துச்சு. இங்கன வந்த பொறவு என்னய ஒண்ணு செய்யச் சொல்லிக் கேட்டது அது மட்டுந்தான்."

அந்த வராந்தாவில் ஆளே இல்லை என்று சொல்லக் கேட்டபோது என் உடம்பு எப்படி எரிந்ததோ, அதே எரிச்சல் இப்போது என் மேலேயே திரும்பியது. பதினேழு ஆண்களைத் திட்டிக்கொண்டே இருந்த நான், இவளைப் பொம்மை என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு நாள்கூட இவளிடம் நேராக ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் நேராக இவள் வீட்டுக்குப் போய் இவளிடமே சொல்லியிருக்கலாம். இவள் பெயரை மாற்றவேண்டிய படிவத்தைக்கூட இவள் கையில் கொடுக்காமல் இவள் மாமனார் கையில் கொடுத்தவள் நான்தானே.

"எனக்கும் தெரியும்" என்றேன். "ஒம் பேரு இல்லன்னு எனக்கு முன்னாலயே தெரியும். ரெண்டு தடவ அவங்ககிட்டச் சொன்னேன். பொறவு வேணும்னே சொல்லல."

"தெரியும் அத்த. மனு கொடுக்கப் போன அன்னைக்கு ஒங்க மூஞ்சியப் பாத்தேன்லா. நீங்க பட்டியல் பாக்காம இருக்க மாட்டீயன்னு தெரியும். நீங்க சொன்னா கேப்பாவன்னு நெனச்சிக்கிட்டு நின்னேன்."

நான் சொன்னால் கேட்பார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு அல்ல. "எனக்கு வயசாயிட்டுன்னு எஞ் சொல்லக் கேக்கல. ஒனக்கு வயசு பத்தாதுன்னு ஒஞ் சொல்லக் கேக்கல" என்றேன்.

அவள் கணக்குப் படித்தவள் அல்லவா, கொஞ்சம் யோசித்தாள். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அப்பம் நடுவுல எந்த வயசுல அத்த கேப்பாவ?"

நான் எண்ணிப் பார்த்தேன். இருபதுகளில் சின்னப் பிள்ளை, சும்மா இரு என்றார்கள். முப்பதில் கைக்குழந்தையோடு மாநாட்டுக்குப் போனால், பிள்ளையைப் பாரு, பேச்சை நாங்க பாத்துக்கிடுதோம் என்றார்கள். நாற்பதில் அக்காவுக்கு இப்போதெல்லாம் சட்டென்று கோபம் வருது என்று தங்களுக்குள் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். ஐம்பதில் அம்மா ஆகிவிட்டேன். நடுவில் ஒரு வருடம், ஒரு மாதமாவது இருக்கும் என்று தேடினேன். பட்டியலில் ஒரு பெயர்கூட விடாமல் தேடிப் பழகியவள் நான். அப்படி ஒரு வயது எனக்கு அகப்படவில்லை.

அதை அவளிடம் சொல்லவில்லை. குழாய்க்கு அவள் குறித்துவைத்த அளவுகளைக் கொண்டுவரச் சொன்னேன்; புதிதாக எழுதப்போகிற மனுவில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடலாம் என்றேன். படிவத்தில் பழைய தேதியை அடித்துவிட்டு அன்றைய தேதியை எழுதச் சொன்னேன். பிறகு ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு தேர்தல் அலுவலகத்துக்குப் போய்ப் படிவத்தை நாங்களே கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு வந்தோம்.